நிறுத்தும் கை

கட்டுமானத் தளத்தில் கிரேனுக்கு முன்னால் நின்றுகொண்டு யாரையும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிடக் கூடாது. வெளியில் அதற்குச் 'சூப்பர்' என்று பொருள். தளத்தில் அதற்குப் பொருள் 'பூமை மேலே ஏற்று'. நான் வேலைக்கு வந்த முதல் மாதம் எதிர்ப்பக்கம் நின்ற நண்பனுக்குக் கட்டைவிரல் காட்டி, மேலிருந்த ஆப்பரேட்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவர் ஹொக்கியனில் திட்டினார். எனக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது.

ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் சிங்கப்பூர்த் தளங்களில் இருந்தேன். ரிக்கர், சிக்னல்மேன், பிறகு லிஃப்டிங் சூப்பர்வைசர். இப்போது வாரத்தில் இரண்டு நாள் புதிதாக வரும் பையன்களுக்குச் சங்கிலி மாட்டவும் கைச்சைகை காட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். கிரேனின் வரலாற்றை எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த வகுப்பில்தான் வந்தது. பாரம் தூக்கியதைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் இருந்து, சாரப்பள்ளத்தில் இருந்து, யானைகளில் இருந்து தொடங்குவார்கள். அதை நான் விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது நடமாடும் கிரேன், அதன் நான்கு கால், அதன் கீழே நிற்கிற ஆள்.

முதலில் சொற்களைப் பற்றிக் கொஞ்சம். என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்தவர். அது போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று இருந்து 1972இல் பெயர் மாறிய இடம். வீட்டில் அலமாரியை நகர்த்தும்போதுகூட 'ஆபிஸ்... ஆபிஸ்...' என்று ஏற்றுவார், 'ஆரியா' என்று இறக்குவார். ஆபிஸ் என்றால் அலுவலகம், ஆரியா என்றால் ஏதோ அரசியல் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை கப்பல் சொற்கள். 'ஆரியா' போர்த்துக்கீசிய மொழியில் இறக்குவதைக் குறிக்கும் 'அரியார்' என்ற வினையிலிருந்து வந்தது. தாமஸ் ரோபக் என்பவர் 1811இல் லஸ்கர் மாலுமிகளின் சொற்களைத் திரட்டிக் கப்பல் அகராதி ஒன்று வெளியிட்டார். இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களில் தமிழனும் வங்காளியும் கொங்கணியும் ஒரே கயிற்றை இழுக்க ஒரு பொதுமொழி தேவைப்பட்டிருக்கிறது. மலாய், இந்தோனேசியக் கப்பல்களிலும் இறக்குவதற்கு 'ஆரியா'வின் உறவுச்சொல்தான். ஏற்றுவதற்கு ஆங்கிலத்தின் 'ஹீவ் அப்' திரிந்து 'ஹீபாப்' ஆகிவிட்டது. இந்தியத் தளங்களில் வேலை செய்துவிட்டு இங்கே வரும் தமிழ் ரிக்கர்கள் சிலர் இன்றும் 'ஆபிஸ், ஆரியா' என்றுதான் கத்துகிறார்கள். நானூறு ஆண்டு உப்புக்காற்று அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். ஏற்றுவதற்குச் சொல் இருக்கிறது, இறக்குவதற்குச் சொல் இருக்கிறது. நிறுத்துவதற்கு அப்பாவிடம் தனிச்சொல் கிடையாது. 'ஏய்ய்!' என்பார். அவ்வளவுதான்.

இயந்திரத்தின் வரலாறு நீளமானது. சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். நீராவிக் கிரேன்கள் தண்டவாளத்தில் ஓடின. ஹென்றி கோல்ஸ் என்பவர் 1879இல் தொடங்கிய ஆங்கில நிறுவனம் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அதே நிறுவனம் ரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் கிரேன்களைப் பிரிட்டிஷ் விமானப்படைக்குச் செய்து கொடுத்தது. இரண்டாம் உலகப்போரில் நொறுங்கி விழுந்த விமானங்களைத் தூக்கிக் கொண்டுபோனவை அவை. போர் முடிந்து நொறுங்கிக் கிடந்த ஜப்பானில் தடானோ நிறுவனம் 1955இல் அந்நாட்டின் முதல் ஹைட்ராலிக் லோரிக் கிரேனைச் செய்தது. அது தூக்கியது 2 டன். இன்று நம் சாலையில் போகும் சாதாரண லோரிக் கிரேனே அதைவிட அதிகம் தூக்கும். சிங்கப்பூரில் வீவக 1960இல் வந்தது, எம்ஆர்டி வேலை 1983இல் தொடங்கியது. இடையில் 1972 ஜூனில் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்து, முதுகில் மூட்டை சுமந்தவர்களின் காலம் முடியத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் மனித முதுகில் இருந்த பாரம் இரும்புக் கையில் ஏறிவிட்டது. முதுகு தாங்காவிட்டால் மனிதன் மூட்டையைக் கீழே போட்டுவிடுவான். இரும்புக்கு அது தெரியாது.

கிரேன் எப்படிச் சாய்கிறது என்பதை வகுப்பில் ஏற்றத்தை வைத்துத்தான் சொல்வேன். ஊர்க்கிணற்றில் துலா பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் சால், மறுமுனையில் கல், நடுவில் தாங்குகிற மரம். கிரேனும் அதுதான். கவுண்டர்வெயிட்டும் வண்டியின் எடையும் கல். தூக்குகிற பாரம் சால். தாங்குகிற இடம், பாரம் இருக்கும் பக்கத்து அவுட்ரிகர். நாங்கள் அதைக் 'கால்' என்போம். பாரம் காலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு அது வண்டியைத் தன் பக்கம் இழுக்கும்.

அதனால்தான் '50 டன் கிரேன்' என்ற பெயரே ஒரு பொறி. புது ஆட்கள் எல்லாரும் அதில் விழுவார்கள். அது 50 டன் தூக்குவது வண்டியை ஒட்டி, மூன்று மீட்டர் அளவில்தான். பூமை நீட்டிப் படுக்கவைத்து இருபது மீட்டர் தள்ளிப் போனால் ஐந்தாறு டன்தான் தேறும். இந்தக் கணக்கெல்லாம் ஆப்பரேட்டர் அறையில் ஒட்டியிருக்கும் லோட் சார்ட்டில் உண்டு. சார்ட்டில் உள்ள எண்ணில் ஹூக், ஸ்லிங், ஷேக்கல் எல்லாவற்றின் எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துபோகிறார்கள். வெறும் ஹூக்கே அரை டன் இருக்கும்.

இன்னொன்று, அந்தச் சார்ட் ஒரு நிபந்தனையோடு வருகிறது. வண்டி மட்டமாக, உறுதியான தரையில், கால்களை முழுக்க நீட்டி நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். தரைதான் பெரிய ஏமாற்று. 40 டன் எடையுள்ள வண்டி 10 டன் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50. பூம் ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது அந்த ஒரு காலிலேயே முக்கால் பங்கு, ஏறத்தாழ 37 டன் இறங்கும். காலின் அடித்தட்டு அரை மீட்டருக்கு அரை மீட்டர். அப்படியானால் சதுர மீட்டருக்கு 150 டன் அழுத்தம். நல்ல மண்ணே தாங்காது. ஒன்றரை மீட்டர் சதுர இரும்புத் தகட்டைக் கீழே போட்டால் அது 17 டன்னாகக் குறையும். ஒரு தகடு, இரண்டு பேர், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் உலகமெங்கும் கிரேன்கள் படுத்திருக்கின்றன.

இங்கே என் கதைக்கு வருகிறேன்.

2009. தீவின் வடகிழக்கில் ஒரு தளம். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நான் அன்றைக்கு சிக்னல்மேன். வேலை, லோரியிலிருந்து ஷீட் பைல் இறக்குவது. 12 மீட்டர் நீளம், ஒன்று 900 கிலோ சொச்சம், ஐந்தைந்தாகக் கட்டி இறக்கினோம். நாலரை டன். 50 டன் கிரேனுக்கு இது ஒரு பாரமே இல்லை என்று யாரும் சொல்லுவார்கள். நாங்களும் சொன்னோம். லிஃப்டிங் பிளான் என்று ஒரு தாள் இருந்தது. மூன்று தளங்களுக்கு முன்னால் எழுதி நகலெடுத்து நகலெடுத்து எழுத்தெல்லாம் சாம்பலாகிப்போன தாள். அதில் 14 மீட்டர் என்று இருந்தது. அன்று லோரி உள்ளே வர வழி இல்லை, நடுவில் கம்பிக் குவியல். ஆகவே 18 மீட்டர். அதற்கும் கிரேன் தாங்கும். தரை?

பின்பக்க வலது கால் நின்ற இடத்தில் இரண்டு வாரத்துக்கு முன் வடிகால் குழாய் போட்டு மண் மூடியிருந்தார்கள். மேலே பார்த்தால் மற்ற தரை மாதிரியேதான் இருந்தது. அதற்கு முந்தின இரவு நல்ல மழை. தகடு ஒன்றுதான் இருந்தது, அதை முன்காலுக்குப் போட்டிருந்தோம். மற்றதற்கு மரக்கட்டை.

முதல் இரண்டு கட்டு ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது கட்டைத் தூக்கி, பூம் பின்வலது பக்கம் திரும்பும்போது மரக்கட்டை சற்று உள்ளே போனதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு விரற்கடை இருக்கும். ஈரமண் கட்டைக்கு ஓரமாக மெல்ல மேலே பிதுங்கியது. என் வலது கை காற்றில் இருந்தது, ஆள்காட்டி விரல் திரும்பும் திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் சூப்பர்வைசர் 'சுப்பாட்லா, சுப்பாட்! கான்கிரிட் லோரி வெயிட்டிங்!' என்று கத்திக்கொண்டிருந்தார். கட்டை எப்போதும் கொஞ்சம் உட்காரும், உட்கார்ந்து நின்றுவிடும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் அதுவரை ஒரு நூறு தடவையாவது சரியாகச் சொல்லியிருக்கிறது.

அப்போது அந்தப் பையன் ஓடிவந்தான். ஊரிலிருந்து வந்து மூன்று வாரம். அறந்தாங்கிப் பக்கம். வீட்டில் பரம்பரையாகக் கிணறு வெட்டுகிறவர்கள் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். கயிறு பிடிக்கத்தான் அவனை நிறுத்தியிருந்தோம். கயிற்றை விட்டுவிட்டு, ஆப்பரேட்டர் பார்வைக்கு நேராக வந்து இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கைச்சைகை எதையும் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மாட்டை மறிக்கிற மாதிரி நின்றான். ஆனால் இரண்டு கையையும் விரிப்பதுதான் அவசர நிறுத்தத்துக்கான சைகை.

'அண்ணே, மண்ணு எறங்குதுண்ணே!'

ஆப்பரேட்டர் குளுவாங்கைச் சேர்ந்த சீனர், அறுபது வயது இருக்கும், எல்லாருக்கும் 'அங்கிள்'. கையை லீவரிலிருந்து எடுத்துவிட்டார். பூம் நின்றது. பாரம் கொஞ்சம் ஆடியது. அடுத்த நொடி கால் ஒரு முழத்துக்கு உள்ளே போனது. எதிர்ப்பக்கக் கால் தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. மொத்த வண்டியும் முனகியது. அந்த ஒலியை எழுதத் தெரியவில்லை. அங்கிள் பதறவில்லை. சொட்டுச் சொட்டாகப் பாரத்தை இறக்கினார். பாரம் மண்ணைத் தொட்டதும் எழும்பிய கால் மறுபடி கீழே வந்து உட்கார்ந்தது. திரும்புகிற வேகத்தோடு அந்தக் கால் போயிருந்தால் பூம் விழுந்திருக்கும் இடத்தில் கம்பி கட்டிக்கொண்டு ஏழு பேர் இருந்தார்கள்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதனால்தான் அது செய்தியில் வரவில்லை.

சாயங்காலம் அறிக்கை எழுதினார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தரை இறங்கியது கண்டறியப்பட்டது, நியமிக்கப்பட்ட சிக்னல்மேன் நிறுத்தச் சைகை காட்டினார், பாரம் பாதுகாப்பாக இறக்கப்பட்டது. சிக்னல்மேன் என்றால் நான். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்தப் பையனுக்கு, நியமிக்கப்படாத ஆள் சைகை காட்டியதற்காகவும் தூக்கும் எல்லைக்குள் நுழைந்ததற்காகவும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேறு தளத்துக்கு மாற்றினார்கள். பர்மிட் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். கிரேன் வேலையில் ஒரு பழைய விதி உண்டு. ஆப்பரேட்டர் ஒரே ஒரு சிக்னல்மேனுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும். ஏற்று, இறக்கு, திருப்பு எல்லாம் அவர் சொன்னால்தான். பத்துப் பேர் பத்து விதமாகக் கை காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்து வைத்த விதி. அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு. நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும், அவன் தேநீர் கொண்டுவந்தவனாக இருந்தாலும், ஆப்பரேட்டர் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்கத் தரநிலைகளில் இது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது, எங்களுக்கு வகுப்பிலும் அதைத்தான் சொல்லித்தந்தார்கள். அந்தப் பையன் செய்தது குற்றமே இல்லை. எனக்கு அது தெரியும். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த அன்று நான் அந்தக் கன்டெய்னர் ஆபிஸில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கிரேன் பாதுகாப்பின் வரலாறு என்று நூலகத்தில் தேடினால் சட்டங்களின் வரிசைதான் கிடைக்கும். பிரிட்டனில் 1961இல் வந்த கட்டுமானப் பாரந்தூக்கல் விதிகள், பாரம் எல்லையை நெருங்கினால் தானே எச்சரிக்கும் கருவியைக் கிரேன்களுக்குக் கட்டாயமாக்கின. அந்தக் கருவி இன்று கணினியாகி எல்லா நடமாடும் கிரேன்களிலும் இருக்கிறது. அளவு மீறினால் கூவும், பிறகு தானே நிறுத்தும். அதற்குப் பக்கத்திலேயே, அதை ஏய்க்கும் சாவி ஒன்றும் இருக்கும். பழுதுபார்க்கத்தான் அந்தச் சாவி. அது எப்போதும் துளையிலேயே செருகியிருக்கும் கிரேன்களை நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் தொழிற்சாலை மற்றும் இயந்திரச் சட்டம் 1967இல் வந்தது, அதன் கீழ் கட்டுமான விதிகள் 1986இல். பதினைந்து மாதத்துக்கு ஒரு முறை சோதித்துத் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. சிங்கப்பூரில் தொழிற்சாலைச் சட்டம் 1973, அதன் கீழ் கட்டுமான விதிகள் 1985. பாரந்தூக்கும் இயந்திரங்களுக்கு இங்கே ஆண்டுக்கு ஒரு சோதனை, ஆளைத் தூக்குவதென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் இயந்திரத்தைப் பார்த்தன. ஆளைப் பார்க்க ஆரம்பித்தது 2004க்குப் பிறகுதான் என்பது என் கருத்து. அந்த ஆண்டு ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை இடிந்தது. வட்டப் பாதை எம்ஆர்டிக்காக முப்பது மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய குழி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஃபியூஷனோபோலிஸ் தளத்தில் கம்பிக்கூடு சாய்ந்து இரண்டு பேர். மே 29, கப்பல் பட்டறையில் தீ, ஏழு பேர். நாற்பது நாளில் பதின்மூன்று உயிர். நிக்கல் நெடுஞ்சாலை விசாரணையில் வெளிவந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. குழி சரிந்தது பிற்பகல் மூன்றரை மணிக்கு. அன்று காலையிலிருந்தே குழிக்குள் இருந்தவர்கள் இரும்பு தெறிக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். தாங்குசட்டங்கள் வளைவதைப் பார்த்திருக்கிறார்கள். சரிசெய்வதற்குக் கான்கிரிட் ஊற்றத் தயாராகிக்கொண்டும் இருந்தார்கள். கண்ணும் காதும் வேலை செய்திருக்கின்றன. நிறுத்தும் கை தாமதித்துவிட்டது. இறந்தவர்களில் ஒரு ஃபோர்மன், மற்றவர்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளேயே போனவர். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2004இல் லட்சம் பேருக்கு 4.9 என்று இருந்த வேலையிட மரண விகிதம் 2023இல் 0.99க்கு இறங்கியது. இடையில் 2022இல் 46 பேர் இறந்து மறுபடி எகிறியதும் உண்டு. கிரேனுக்கென்றே தனி விதிகள் 2011இல் வந்தன. ஒவ்வொரு தூக்கலுக்கும் பிளான், லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன், பதிவு பெற்ற ஆப்பரேட்டர், எல்லாம் கட்டாயம். என் சாம்பல் தாள் அன்றோடு செத்தது. நான் இந்த விதிகளைக் குறை சொல்ல வரவில்லை. அவை வந்த பிறகு தரையைத் தட்டிப் பார்க்காமல் கால் நீட்டுகிறவர்கள் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர் எழுதும்போது, பெட்டியில் பெயர் இல்லாதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தளம் புரிந்துகொண்டுவிடுகிறது.

காற்றைப் பற்றி இரண்டு சம்பவம் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் இவை இல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை. முதலாவது அமெரிக்காவின் மில்வாக்கி நகரம், 1999 ஜூலை 14. மில்லர் பார்க் என்ற பேஸ்போல் அரங்கத்தின் கூரைத்துண்டு ஒன்றை, 400 டன்னுக்கும் மேல் எடை, 'பிக் புளூ' என்று செல்லப்பெயர் கொண்ட ராட்சதக் கிராலர் கிரேன் தூக்கியது. அன்று காற்று அதிகம். கிரேன்மீது படும் காற்றுக்குக் கணக்குப் போட்டவர்கள், ஒரு மைதானம் அளவுக்கு விரிந்த கூரைத்துண்டின் மீது படும் காற்றுக்குப் போடவில்லை. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். பிக் புளூ மடங்கி விழுந்தது. இன்னொரு கிரேனில் தொங்கிய கூடைக்குள் நின்று வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த மூன்று இரும்பு வேலைக்காரர்கள் இறந்தார்கள். நிறுவனங்களுக்கு 5 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம். அடுத்த ஆண்டு, மூன்று மனைவியருக்கும் சேர்த்து 99 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று ஜூரிகள் சொன்னார்கள்.

இரண்டாவது மக்கா, 2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. பெரிய பள்ளிவாசலின் விரிவாக்கப் பணிக்கு நின்ற 1,350 டன் வகைக் கிராலர் கிரேன், புயல்காற்றில் பின்னோக்கிச் சாய்ந்து பள்ளிவாசலுக்குள் விழுந்தது. ஹஜ்ஜுக்கு வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்காளதேசம், எகிப்து, பாகிஸ்தான், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டவர். அந்த நேரத்தில் கிரேன் எதையும் தூக்கவில்லை. சும்மா நின்றது. வேலை இல்லாத நேரத்தில் பூமை இறக்கி வைக்க வேண்டும் என்று தயாரித்தவர்களின் கையேடு சொல்கிறது. இறக்கியிருக்கவில்லை. சும்மா நிற்கும் கிரேனுக்கு யார் சிக்னல்மேன்?

நம் ஊரில் சுமத்ரா காற்று விடியற்காலையிலோ காலை வேளையிலோ வரும். மேற்கில் கறுத்த ஒரு வரி தெரியும், பிறகு ஒரு குளிர், பத்து நிமிடத்துக்குள் தகரமெல்லாம் பறக்கும். அந்தக் குளிர் முகத்தில் பட்டவுடன் பாரத்தை இறக்கச் சொல்லிவிடுவேன். பிளான் தாளில் காற்றுக்கு ஓர் எண் இருக்கும். எண் வரும்வரை காத்திருக்கிற தைரியம் எனக்கு 2009க்குப் பிறகு இல்லை.

பையன்களிடம் வகுப்பில் கேட்பேன், 'கால் இறங்குறத நீ பாத்துட்ட, சிக்னல்மேன் பாக்கல, என்ன செய்வ?' எல்லாரும் ஒரே குரலில் 'ஸ்டாப் காட்டுவோம் சார்' என்பார்கள். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு தேநீர் நேரத்தில் ஒருத்தன் தனியாக வந்து கேட்பான்: 'சார், நிறுத்துனப்புறம் ஒண்ணும் ஆகலன்னா?' இதுதான் உண்மையான கேள்வி. நிறுத்தியது சரி என்றால் எதுவும் நடக்காது, எதுவும் நடக்காததால் அவன் நிறுத்தியது சரியென்று காட்ட ஒரு சாட்சியும் இருக்காது. கான்கிரிட் லோரி காத்திருந்த கணக்கு மட்டும் இருக்கும். ஊரில் ஏஜென்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவன், பர்மிட்டை முதலாளி கையில் வைத்திருப்பவன், அந்தக் கணக்கை நம்மைவிட வேகமாகப் போட்டுவிடுவான். அவனுக்கு நான் சொல்லும் பதில் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கிறது. ஒருமுறை ஒன்றும் சொல்லாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்தபோது அதைச் சேர்த்துத்தான் கொடுத்தேன். நேர்காணலில் அதைப் படித்துவிட்டு ஒருவர் 'நல்ல கண்' என்று பாராட்டினார். வேலை கிடைத்தது. கிரேனின் வரலாற்றில் இந்தச் சம்பவத்துக்கு ஓர் ஆவணம் உண்டென்றால் அது அந்தத் தாள்தான், அது பொய். என்னைப் போல் எத்தனை பேர் கையெழுத்திட்ட தாள்களை வைத்து அந்த வரலாற்றை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தால் நூலகத்தில் அந்த அலமாரிப் பக்கமே போகத் தோன்றுவதில்லை.

இதை எழுதுவதற்கு முன் அவனைத் தேடினேன். அதே ஊர்க்காரன் ஒருவன் வழியாக நம்பர் கிடைத்தது. இப்போது சொந்தமாக ஜேசிபி வைத்திருக்கிறான், கண்மாய் தூர் வாரும் வேலை எடுக்கிறானாம். குரல் தடித்திருந்தது. நான் யாரென்று சொல்லிப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அறிக்கையில் என் பெயர் போட்டதைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியவே தெரியாது. கடிதத்தில் ஆங்கிலத்தில் என்ன இருந்ததென்றே யாரும் படித்துச் சொல்லவில்லையாம். நிறுத்தியதற்குப் பாராட்டுக் கடிதம் என்று நினைத்து ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறான்.

'இப்பவும் பீரோலதான்ணே கெடக்கு' என்றான்.

நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் உன் பெயரைப் போடட்டுமா என்று மட்டும் கேட்டேன். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். வண்டி எஞ்சின் சத்தம் கேட்டது. 'அதெல்லாம் வேணாம்ணே, ஒரு நிமிசம் இருங்க' என்றவன், போனை எடுக்காமலே யாரிடமோ கத்தினான்: 'ஏய், அங்க நிக்காதடா, கரை ஈரமா இருக்கு!'